பொடியாத கட்டை ரொட்டி: எட்டு மாதக் குழந்தையின் ஈறுக்கு

‘களியக்காவிளையில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு மாதம் முடிகிறது. கீழ்ப்பல் ரெண்டு எட்டிப் பார்க்குது. கட்டில் விளிம்பு, செருப்பு வார், என் தோள்பட்டை, எதையும் விடாமல் கடிக்கிறாள். முளைகட்டிய ராகி மாவில் வெண்ணெயும் பேக்கிங் பவுடரும் போட்டு பிஸ்கட் சுட்டுக் கொடுத்தேன். வாயில் வைத்ததும் பாதி உடைந்து உள்ளே போய், இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோச்சு. கருப்பட்டி போட்டால் கெட்டியாகும் என்கிறார் மாமியார். எங்கே தப்பு?’ இதுதானே மக்ளே உன் கேள்வி?

குழந்தை இருமினாள் என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள். இருமலும் சத்தமும் இருக்கிறவரை காற்று போய்வருகிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகாவில் அங்கன்வாடியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவள். அதைவிட முக்கியம், போர்மா என்கிற செங்கல் விறகடுப்பு வைத்திருந்த பேக்கரிக்காரரின் மகள். உன் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கன்வாடியில் கற்றது, மீதி அப்பாவின் போர்மாவில் கற்றது.

உன் பிஸ்கட்டில் தப்பு ருசியில் இல்லை, சத்தில் இல்லை. நீ சுட்டது தின்பதற்கான பிஸ்கட். பல் முளைக்கிற பிள்ளைக்கு வேண்டியது கடிப்பதற்கான கட்டை. ரெண்டும் வேறு வேறு சாமான். தின்கிற பிஸ்கட் வாயில் வைத்ததும் உதிர வேண்டும். அதற்காகத்தான் வெண்ணெய், அதற்காகத்தான் பேக்கிங் பவுடர். கடிக்கிற ரொட்டியோ உதிரவே கூடாது. எச்சில் பட்டு மேல்தோல் மட்டும் மெதுவாகக் கரைந்து, களிம்பு போல நாக்கில் இறங்க வேண்டும். உள்ளே கட்டை கட்டையாகவே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே கட்டை ரொட்டி.

ராகியில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ரப்பர் மாதிரி ஓர் இழுவை வருகிறதே, அதைத் தருவது அந்தக் குளூட்டன்தான். அது வலை மாதிரி மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் மரக்கட்டை மாதிரி இறுகும். தனி ராகியில் அந்த வலை இல்லை. வெறும் மண்கட்டி போலத்தான் நிற்கும், ஈரம் பட்டால் பிளந்துவிடும். அதன்மேல் நீ வெண்ணெயும் போட்டாய். நெய்ப்பசை மாவின் ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டவிடாது. நெய் கூடிப்போன முறுக்கு கையில் எடுத்தால் உதிர்கிறதே, அதே கதை. பேக்கிங் பவுடர் உள்ளே காற்றுப் பொந்துகளை வைத்துவிட்டது, உடைவதற்கு வசதியாக. மூன்றும் சேர்ந்தால் எட்டு மாதக் குழந்தையின் ஈறே அதை உடைக்கும். உடைக்கவும் செய்தது.

ராகியை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பஞ்ஞப்புல்லு என்றும் கூவரகு என்றும் சொல்லி, குறுக்கு என்கிற கெட்டிக் கூழ் காய்ச்சிக் கொடுத்து வளர்க்கிறார்கள்; இந்தப் பக்கம் கேழ்வரகுக் கூழ். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அது உண்மை. ஆனால் நான் கீழே சொல்லப்போகும் ஒரு ரொட்டியில் சேரும் ராகி இரண்டரை கிராம்தான். கணக்குப் போட்டால் ஒன்பது மில்லிகிராம் கால்சியம்கூட வராது, அதிலும் பாதி ரொட்டி தரையில்தான் கிடக்கும். ஆகவே சத்துக்கு ராகியைக் கூழாகக் கொடு. ரொட்டியில் அது மணத்துக்கும் நிறத்துக்கும் மட்டும்.

இனி செய்முறை. கோதுமை மாவு 120 கிராம், முளைகட்டி வறுத்துப் பொடித்துத் துணியில் சலித்த ராகி மாவு 30 கிராம், தோலோடு ஆவியில் வேகவைத்து மசித்த ஏத்தன் பழம் (நேந்திரம் பழம்) 90 கிராம், தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அவ்வளவுதான். உப்பு இல்லை, சீனி இல்லை, சோடா இல்லை. ஏத்தன் பழம் என்றால் நன்றாகப் பழுத்து, தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தது. நடுவில் கறுப்பாக விதைத்தடம் இருக்குமே, அதைக் கீறி எடுத்துவிட்டு மசி. மட்டிப் பழம் போடலாமா என்று கேட்பாய். நம் ஊர் மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழமும் அதுதான். ஆனால் அதை மசித்து அப்படியே வாயில் கொடுப்பதுதான் அதற்கு மரியாதை. அது இளகின பழம், மாவை நீர்க்க வைத்துவிடும். ரொட்டிக்கு ஏத்தன்தான் சரி, மாவுச்சத்து கூடியது, இறுக்கம் தரும்.

பழத்தையும் எண்ணெயையும் மாவில் போட்டுப் பிசறிவிட்டு, தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடு. ஒன்றரை மேசைக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. சப்பாத்தி மாவைவிடக் கட்டியாக, பிசைகிற கை வலிக்கிற பதத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிஷம் பிசை. இந்தப் பத்து நிமிஷத்தைக் குறைக்காதே. நான் சொன்ன வலை இந்த நேரத்தில்தான் பின்னப்படுகிறது. ஈரத்துணி போட்டு இருபது நிமிஷம் ஆறவிடு. பிறகு சப்பாத்திப் பலகையில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் திரட்டு. ஒன்பது, பத்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம் என்று வெட்டு. குழந்தை மூடிப் பிடித்த கைக்கு மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் அளவு. நட்சத்திரம், பூ, கரடிப் பொம்மை அச்செல்லாம் வேண்டாம். காதும் காலும் முதலில் ஒடியும், ஒடிந்தது நேரே தொண்டைக்குப் போகும். நான்கு மூலைகளையும் விரலால் தேய்த்து உருட்டிவிடு. மேலே முள்கரண்டியால் அங்கங்கே குத்து, இல்லையென்றால் உப்பிக்கொண்டு உள்ளே பொந்து விழும். இந்த அளவில் பன்னிரண்டு வரும்.

சுடுவதற்கு அப்பாவின் போர்மாவைச் சொல்லியாக வேண்டும். காலையில் விறகு போட்டு எரித்து, தணலை இழுத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே ரொட்டியும் பன்னும் போட்டு எடுப்பார்கள். சாயந்தரம் வேலை முடிந்தபின், விற்காத ரொட்டியை அரிந்து தகரத்தட்டில் பரப்பி உள்ளே தள்ளி, இரும்புக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார் அப்பா. தீ இல்லை, ஒன்றும் இல்லை. செங்கல்லில் மிச்சமிருக்கிற சூடு மட்டும். விடியும்போது ரஸ்க். பிஸ்கட் என்ற சொல்லுக்கே லத்தீன் மூலத்தில் ‘இருமுறை சுட்டது’ என்றுதான் பொருள். முதல் சூடு வேகவைக்கிறது, இரண்டாவது சூடு காயவைக்கிறது. உன் பிஸ்கட்டுக்கு அந்த இரண்டாவது சூடு கிடைக்கவே இல்லை. மாமியார் சொல்கிற கெட்டி கருப்பட்டியில் இல்லை, காய்ச்சலில் இருக்கிறது. (உடம்புக் காய்ச்சல் இல்லை, ரொட்டியின் காய்ச்சல்.)

உன் சின்ன ஓவனில் 150 டிகிரியில் முதலில் நாற்பது நிமிஷம், இருபதாவது நிமிஷத்தில் திருப்பிப் போட்டு. சின்ன ஓவனில் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் கீழ்த்தட்டில் வை. பிறகு சூட்டை 110க்கு இறக்கி இன்னும் ஒரு மணி நேரம். அதன்பின் அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் முழுக்க ஆறும்வரை உள்ளேயே கிடக்கட்டும். நிறம் வெளிர்பழுப்பு தாண்டக் கூடாது. ஓரம் கருகினதைக் குழந்தைக்குக் கொடுக்காதே. கசப்புக்காக மட்டும் சொல்லவில்லை, மாவுப்பொருள் கருகக் கருக அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? தராசு சொல்லும். சுடுமுன் தட்டில் உள்ள மாவுத் துண்டுகளை நிறுத்துக்கொள். ஏறக்குறைய 275 கிராம் இருக்கும். முடிந்தபின் 190 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் ஈரம் போய்விட்டது. 220ல் நின்றால் நடுவில் இன்னும் பச்சை, திரும்பவும் 110ல் வை. தராசு இல்லையென்றால் ரெண்டு ரொட்டியை ஒன்றோடொன்று தட்டிப் பார், சிரட்டை தட்டின சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒன்றை எடுத்து நீ கடி. உன் முன்பல்லுக்கு அது லேசில் மசியக் கூடாது. அடுத்ததாக அதே ரொட்டியைத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டுவிட்டு, விரலால் அழுத்திப் பார். மேலே வழுவழுவென்று களிம்பாக வந்து, உள்ளே கட்டியாக இருந்தால் சரி. துண்டாகப் பிட்டுக்கொண்டு வந்தால் அந்தத் தடவைச் சுட்டது பெரியவர்களுக்கு. இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் ஒரு குழந்தை கையிலும் நான் கொடுத்ததில்லை. கடை ரஸ்க்கை இதே மாதிரி தண்ணீரில் போட்டுப் பார், ஒரு நிமிஷத்தில் பஞ்சாகிப் பிய்ந்து வரும்; சீனியும் உண்டு. என் தங்கச்சி பிள்ளைக்கு ஒன்பது மாதத்தில் அப்படி ஊறின ரஸ்க் துண்டுதான் தொண்டையில் அடைத்தது. அப்பா மடியில் கவிழ்த்துப் போட்டு முதுகில் அடித்த அடி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஓவனே இல்லாதவர்கள் இதை வாசித்தால்: அடிகனமான இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணல், மேலே ஒரு வளையம், அதன்மேல் தட்டு, இறுக்கமான மூடி. சின்னத் தீயில் திருப்பித் திருப்பி ஒரு மணி நேரம். மறுநாளும் அதேபோல் இன்னொரு தடவை. குக்கரில் செய்யாதீர்கள், தண்ணீரில்லாமல் காய்ச்சினால் குக்கர் கெடும். பக்கத்துப் பேக்கரியில் முகப்பழக்கம் இருந்தால் அதைவிட எளிது: தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து ராத்திரி போர்மாவில் வைக்கச் சொல்லலாம். விறகு போர்மா இப்போது குறைந்துவிட்டது, மின் ஓவன் என்றாலும் அணைத்தபின் மிச்சச் சூடு உண்டு.

நமக்கு இன்னொரு தொல்லை மழை. தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டும் நம் மாவட்டத்தில் பெய்யும். ஜூனிலும் அக்டோபரிலும் அடுக்களைக் காற்றே ஈரம். நேற்றுக் கட்டையாக இருந்த ரொட்டி இன்றைக்குத் தோல் போல வளையும். வளைகிற ரொட்டிதான் பெரிய பெரிய துண்டாகப் பிய்யும். அதனால் முழுக்க ஆறினபின் எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வை, ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதே. கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் தட்டிப் பார். மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை 110 டிகிரியில் அரை மணி நேரம் மறுபடி காயவை. பழம் சேர்ந்திருப்பதால் பூசணம் பிடிக்கும். ஒரு ரொட்டியில் புள்ளி கண்டாலும் டப்பா முழுக்கக் கொட்டு.

கருப்பட்டிக்கு வருவோம். நம் ஊரில் கருப்பட்டியைக் குறை சொன்னால் அடி விழும், தெரியும். நல்ல சாமான்தான். ஆனால் குழந்தையின் பல்லுக்கு அது சீனிதான். சீனி, வெல்லம், கருப்பட்டி மூன்றையும் வாயிலிருக்கும் கிருமி ஒரே மாதிரித்தான் தின்று அமிலம் கக்கும். அதிலும் கடிரொட்டி என்பது அரை மணி நேரம் பல்லிலேயே தேய்ந்துகொண்டிருக்கும் பொருள். புதுப்பல்லுக்கு அதைவிடக் கெடுதல் என்ன இருக்கிறது? இரண்டு வயதுவரை சேர்த்த இனிப்பு எதுவும் வேண்டாம். ஏத்தன் பழத்தின் இனிப்பே போதும், அதற்கும்கூட ரொட்டி முடிந்ததும் ஈரத்துணியால் ஈறையும் பல்லையும் துடைத்துவிடு.

தேனோ, ஒரு வயது முடியும்வரை எந்த உருவத்திலும் கூடாது. பொன்னும் வயம்பும் (வசம்பு) தேனில் உரைத்து நாக்கில் தொட்டு வைக்கிற வழக்கம் எல்லைக்கு ரெண்டு பக்கமும் உண்டு, ‘நாங்களெல்லாம் வளரவில்லையா’ என்பார்கள். தேனில் சில நேரம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். நம் குடலில் அவை முளைக்காது. ஒரு வயதுக்குள்ளான குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும், தசையெல்லாம் தளர்ந்து மூச்சே நிற்கலாம். ‘ரொட்டியில் போட்டுச் சுட்டால் செத்துவிடாதா’ என்று ஒரு பாட்டி என்னிடம் சாமர்த்தியமாகக் கேட்டாள். சாகாது. அந்த வித்துகளைக் கொல்ல ஆவி அழுத்தத்தோடு 121 டிகிரி வேண்டும். நம் அடுப்பு ரொட்டியின் நடுவில் அது நடக்காது.

கோதுமை இதுவரை கொடுத்ததில்லை என்றால், ரொட்டிக்கு முன்னால் கோதுமைக் கஞ்சியாக ஒருநாள் இரண்டு கரண்டி கொடுத்து, மூன்று நாள் வேறு புதுச் சாப்பாடு எதுவும் சேர்க்காமல் பார். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர்ந்து வாந்தி இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. ஒன்றும் இல்லையென்றால் ரொட்டி கொடுக்கலாம்.

எப்படிக் கொடுப்பது? நேராக உட்கார வைத்து, நீ எதிரே உட்கார்ந்து. நீ என்றால் நீதான். மூத்த பிள்ளையோ டிவி பார்க்கிற தாத்தாவோ இல்லை. படுத்தபடி கூடாது, தொட்டிலில் கூடாது, பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கூடவே கூடாது. மார்த்தாண்டம் பாலத்தில் ஒரு குலுக்கல் போதும். பால், கூழ், மசித்த சோறு, பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன் இதெல்லாம் முடிந்து வயிறு நிறைந்தபின் கொடு, ஒரு நாளைக்கு ஒன்று. ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்புச்சத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது, அது சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். ரொட்டியைக் கடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டால் மீனும் பருப்பும் உள்ளே போகாது. பத்து சென்டிமீட்டர் ரொட்டி தேய்ந்து குழந்தையின் கைப்பிடிக்குள் மறைகிற அளவு ஆனதும் வாங்கிவிடு. அழுவாள். அழட்டும், புதிது ஒன்றைக் காட்டிப் பழையதைப் பிடுங்கு. அந்தக் கடைசித் துண்டுதான் ஆபத்தானது.

இப்போது அந்தச் சத்தமில்லாத விஷயம். ஓங்கரித்து, முகம் சிவந்து, இருமி வெளியே தள்ளுகிறாள் என்றால் அவள் வேலையை அவளே பார்க்கிறாள், நீ விரலை உள்ளே விடாதே, விட்டால் துண்டு இன்னும் கீழே போகும். அழக்கூட முடியவில்லை, இருமல் வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே முன்கையில் கவிழ்த்துப் போடு; தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், தாடையை விரல்களால் தாங்கிக்கொள். இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி மார்பெலும்பின் நடுவில் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. இன்னொருவர் 108க்குப் பேசட்டும். அந்த எண் நம் பக்கத்திலும் கேரளத்துப் பாறசாலைப் பக்கத்திலும் ஒன்றுதான். குழந்தை நினைவிழந்தால் நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். இதையெல்லாம் ஒரு துணிப்பொம்மையை வைத்து ஒரு தடவை பழகிவிட்டு அப்புறம் ரொட்டி சுடு.

பல் முளைப்பதற்கு ரொட்டி கட்டாயமும் இல்லை. வலி கூடின நாளில் ஈரத்துணியை முடிச்சிட்டு குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்துக் கொடுத்தால் ரொட்டியைவிட நன்றாகக் கேட்கும். உறைய வைக்காதே, கல் மாதிரி ஆனால் ஈறு புண்ணாகும். சதையைச் சுத்தமாகச் சீவின பெரிய மாங்கொட்டையும் நல்ல கடிபொருள், சீசன் இருந்தால். பச்சைக் கேரட் வேண்டாம், ‘டக்’ என்று ஒடியும். ஈறு மரத்துப்போக மருந்துக்கடையில் விற்கும் பென்சோகைன் ஜெல்லைத் தொடாதே. குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற சக்தியையே அது கெடுக்கலாம் என்று 2018ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு வயதுக்குள் உள்ளவர்களுக்குக் கூடாது என்று எச்சரித்தது. அப்புறம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் தண்ணியாக வயிற்றுப்போக்கும் வந்தால் ‘பல் முளைக்குது, அதான்’ என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதே. அங்கன்வாடியில் நான் அதிகம் சண்டை போட்டது இந்த ஒரு வாக்கியத்தோடுதான். பல் உமிழ்நீரைக் கூட்டும், சிணுங்க வைக்கும், அவ்வளவே. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு. நோய் அந்த வழியாகத்தான் வருகிறது.

இந்த ரொட்டி எத்தனை மாதம்? கடைவாய்ப்பல் முளைக்கிறவரை. ஒரு வயது தாண்டி, 13லிருந்து 19 மாதத்துக்குள் அது வரும். வந்துவிட்டால் கட்டை ரொட்டியையும் முறிக்கிற பலம் வந்துவிடும். அன்றோடு நிறுத்திவிட்டு மெல்லுகிற சாப்பாட்டுக்கு மாறிவிடு.

வெட்டும்போது ஓரத்தில் மிச்சம் விழுகிற கோணல் துண்டுகளைத் தூக்கிப் போடாதே. அதே தட்டில் சுட்டெடுத்து, சாயந்தரம் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பியோடு மாமியாருக்குக் கொடு. பல் செட் போட்டிருந்தால் ஊறவைத்துச் சாப்பிடச் சொல். கருப்பட்டி சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும், உனக்கும் வீட்டில் சண்டை மிச்சம்.